உறைமோரும் மரபணுவும்

கைக்குழந்தைக்குப் பால் செரிப்பது இயல்பு. நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஒரு சொம்புப் பாலைக் குடித்துவிட்டு எந்த உபாதையும் இல்லாமல் வேலையைப் பார்ப்பதுதான் பாலூட்டிகளின் வரலாற்றில் விதிவிலக்கு. புல் மேயப் பழகிய கன்றுக்கு மடி தேவைப்படுவதில்லை. பூனை, எலி, குரங்கு எதை எடுத்துக்கொண்டாலும் பால்குடி மறந்ததும் பாலைச் செரிக்கும் திறனும் மங்கிவிடுகிறது. மனிதரிலும் பெரும்பாலோருக்கு அப்படித்தான். உலகின் வயதுவந்தோரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குழந்தைப் பருவத்துக்குப் பின் குறைந்துவிடுகிறது. மீதி மூன்றில் ஒரு பங்கினருக்கு மட்டும் அது ஏன் ஆயுள் முழுக்க நீடிக்கிறது? இதற்கு விடை தேடி உடலுக்குள் மட்டும் பார்த்தால் போதாது. மாட்டுத் தொழுவத்தையும் மண்பானையையும் பார்க்க வேண்டும். மனிதரின் பழக்கம் மனிதரின் உடலையே மாற்றும் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகத் தெளிவான சான்று பால். அதனால் இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

பாலில் உள்ள சர்க்கரையின் பெயர் லாக்டோஸ். நூறு மில்லி பசும்பாலில் சுமார் 5 கிராமும் தாய்ப்பாலில் சுமார் 7 கிராமும் இருக்கும். குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் பிணைந்து உருவான மூலக்கூறு இது. பிணைந்திருக்கும்வரை சிறுகுடல் இதை உறிஞ்சாது. பிணைப்பை வெட்டுவதற்கென்றே குடல் சுவரில் லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அந்த நொதி போதுமான அளவில் இல்லாவிட்டால் லாக்டோஸ் அப்படியே பெருங்குடலுக்கு இறங்கிவிடும். அங்கே அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து வாயுக்களை வெளியிடும். வயிறு உப்புகிறது, இரைகிறது, சிலருக்குப் பேதியாகிறது. உருவாகும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறும். ஒருவருக்குப் பால் செரிக்கிறதா என்று மருத்துவமனைகளில் மூச்சைச் சோதித்துக் கண்டுபிடிப்பது இதனால்தான்.

1960-களின் நடுப்பகுதி வரை மருத்துவ உலகம் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருந்தது. மருத்துவ நூல்களை எழுதியவர்கள் பெரும்பாலும் பால் செரிக்கும் மக்களிடையே பிறந்தவர்கள். ஆகவே செரிப்பது இயல்பு, செரிக்காதது குறைபாடு என்று எடுத்துக்கொண்டார்கள். 1965, 1966 ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் வெள்ளையரையும் கறுப்பினரையும் ஒப்பிட்டுச் சோதித்தார்கள். கறுப்பினரில் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் குறைவாக இருந்தது. அதன் பிறகு ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கப் பழங்குடிகள் என்று சோதனைகள் விரியவிரிய, விதிவிலக்கு யார் என்பது தெரிந்தது. வடமேற்கு ஐரோப்பியர், கிழக்கு ஆப்பிரிக்காவின் மேய்ச்சல் குடிகள், அரேபியாவின் ஒட்டகம் வளர்ப்போர், இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் வாழ்வோர் ஆகியோரிடம்தான் இந்தத் திறன் மிகுந்திருந்தது. சீனாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வயதுவந்தோரில் மிகச் சிலரே இதைப் பெற்றிருந்தார்கள்.

இந்த வரைபடத்தில் தோல் நிறத்தைத் தேடிப் பயனில்லை. வெளுத்த ஐரோப்பியரும் கறுத்த மசாய் மக்களும் இதில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். இருவருக்கும் பொதுவானது கறவை மாடு. ஃபிரெடெரிக் சிமூன்ஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1970-ஐ ஒட்டி வெளியிட்ட கட்டுரைகளில் இதைத் துணிந்து சொன்னார். நெடுங்காலம் கறவை வைத்திருந்த சமூகங்களில், வளர்ந்தபின்னும் பாலைச் செரிக்க முடிந்தவர்கள் கூடுதலாகப் பிழைத்துக் கூடுதலாகப் பிள்ளைகள் பெற்றிருக்க வேண்டும். அப்படித்தான் அந்தத் திறன் பரவியது என்பது அவர் கருத்து. பழக்கம் முதலில் வந்தது, உடல் பின்னால் வந்தது என்கிறார் அவர். அன்றைக்கு இது ஊகம்தான். சோதித்துப் பார்க்கும் கருவிகள் வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

2002-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் ஒன்பது குடும்பங்களின் மரபணுக்களை அலசி, காரணமான எழுத்தைக் கண்டுபிடித்தார்கள். அது லாக்டேஸ் மரபணுவுக்குள்ளேயே இல்லை. அதிலிருந்து 13,910 எழுத்துகள் தள்ளி, அண்டையில் இருக்கும் வேறொரு மரபணுவின் நடுவில் இருந்தது. அந்த இடத்தில் சி என்ற எழுத்து டி என்று மாறியிருந்தால், லாக்டேஸ் உற்பத்தி வயதானாலும் நிற்பதில்லை. நொதியின் வடிவத்தில் எந்த மாற்றமும் இல்லை. அதை எப்போது நிறுத்துவது என்ற கட்டளையில்தான் மாற்றம். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து இந்தத் திரிபு கிடைத்தாலே போதும்.

ஆனால் ஆப்பிரிக்க மேய்ச்சல் குடிகளிடம் தேடியபோது அந்தத் திரிபு கிட்டத்தட்ட இல்லை. அவர்களுக்குப் பால் செரித்துக்கொண்டுதான் இருந்தது. சாரா டிஷ்கோஃப் தலைமையிலான குழு தான்சானியா, கென்யா, சூடான் நாடுகளில் ஊர்ஊராகச் சென்று, மக்களுக்கு லாக்டோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, ரத்தச் சர்க்கரை ஏறுகிறதா என்று அளந்தது. 2007-இல் வெளியான அந்த ஆய்வு மூன்று வேறு திரிபுகளைக் காட்டியது. எல்லாம் ஃபின்லாந்துத் திரிபு இருந்த அதே சிறிய பகுதிக்குள், சில எழுத்துகள் தள்ளித்தள்ளி இருந்தன. அவற்றுள் ஒன்று அரேபியாவின் ஒட்டகக் குடிகளிடம் பரவலாக இருப்பதும் தெரியவந்தது. ஒரே தேவை, வெவ்வேறு கண்டங்கள், வெவ்வேறு எழுத்துப் பிழைகள், ஒரே பலன். மக்கள் பரிணாம வளர்ச்சியைப் பற்றிச் சான்று கேட்கும்போதெல்லாம் நான் முதலில் சொல்வது இதைத்தான். தற்செயலாக ஒருமுறை நடந்தது என்று ஒதுக்கலாம். கறவை நுழைந்த பல இடங்களில் தனித்தனியாக நடந்ததை அப்படி ஒதுக்க முடியாது.

பானையின் சாட்சி

சிமூன்ஸ் சொன்னபடி பழக்கம்தான் முந்தியது என்பதை மண்பானைகள் உறுதிசெய்தன. மெருகிடாத பானையில் பாலை ஊற்றினால் அதன் கொழுப்பு மண்ணுக்குள் ஊறி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடும். அந்தக் கொழுப்பின் கார்பன் அணுக்களை ஆராய்ந்தால் அது இறைச்சிக் கொழுப்பா, பால் கொழுப்பா என்று பிரித்தறியலாம். பிரிட்டனின் ரிச்சர்ட் எவர்ஷெட் வளர்த்தெடுத்த முறை இது. 2008-இல் அவருடைய குழு இன்றைய துருக்கியின் வடமேற்குப் பகுதியில் கிடைத்த ஓடுகளில், கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த பால் கொழுப்பைக் கண்டது. போலந்தில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முந்தைய, சல்லடைபோல் துளையிட்ட ஓடுகள் நெடுநாளாகவே தொல்லியலாளர்களைக் குழப்பிவந்தன. அவை பாலாடைக்கட்டி வடிக்கும் கலங்கள் என்று 1980-களிலேயே பீட்டர் போகுக்கி சொல்லியிருந்தார். அவற்றிலும் பால் கொழுப்பு இருப்பதை 2012-இன் கடைசியில் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது.

அதே காலத்து மனிதர்களின் எலும்புகளில் மரபணு எடுத்துப் பார்த்தபோது படம் முழுமையடைந்தது. ஐரோப்பாவின் தொடக்ககால உழவர்களின் எலும்புகளில் அந்தத் திரிபு இல்லை என்று 2007-இல் யோவாகிம் பர்கரின் குழு காட்டியது. 2022-இல் எவர்ஷெட் உள்ளிட்ட பெரிய குழு பானை ஓடுகளில் கிடைத்த ஏறத்தாழ 7,000 கொழுப்புத் தடயங்களையும் 1,700-க்கும் மேற்பட்ட பழங்கால மனிதரின் மரபணுக்களையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தது. ஐரோப்பாவில் அந்தத் திரிபு முதன்முதலாகத் தென்படுவது கி.மு. 4700-ஐ ஒட்டி. அது பரவலாவதோ கி.மு. 1000 அளவில்தான். வடகிழக்கு ஜெர்மனியின் டோலன்ஸே ஆற்றங்கரையில் கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நடந்த பெரும் சண்டையில் இறந்தவர்களின் எலும்புகளில் எட்டில் ஒருவருக்கு மட்டுமே அது இருந்தது. இன்று அதே நிலத்தில் வாழ்வோரில் பெரும்பான்மையினருக்கு இருக்கிறது. அதாவது, பாலைக் கறந்து பயன்படுத்திய பழக்கம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் மரபணுவின் துணை இல்லாமலேயே நடந்துவந்திருக்கிறது.

செரிக்காத பாலை வைத்துக்கொண்டு அந்த மக்கள் என்ன செய்தார்கள்? தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டிய தேவை குறைவு. இரவில் காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி மோரை உறையாக ஊற்றி வைக்கிறோம். விடிவதற்குள் அந்த மோரில் உள்ள பாக்டீரியாக்கள் லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்று லாக்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. அதனால்தான் பால் கெட்டிப்பட்டுப் புளிக்கிறது. எஞ்சிய லாக்டோஸைக்கூட, நாம் தயிரோடு விழுங்கும் பாக்டீரியாக்களின் நொதி சிறுகுடலில் இறங்கிய பிறகும் வெட்டிக்கொண்டிருக்கிறது. தயிரைக் கடைந்து வெண்ணெய் எடுத்து உருக்கினால் கிடைக்கும் நெய்யில் லாக்டோஸ் கிட்டத்தட்ட அறவே இல்லை. நன்கு முற்றவைத்த பாலாடைக்கட்டியிலும் அப்படியே. குடல் செய்யாத வேலையைப் பானை செய்தது. முல்லை நிலத்து ஆயர்மகள் விடியலில் தயிர் கடைந்து, மோர் விற்று, நெய் விற்ற விலையில் எருமையும் பசுவும் வாங்குவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அந்த வருணனையில் பாலைப் பாலாகவே விற்பது முதன்மையான தொழில் இல்லை. வெயில் நாட்டில் பால் கெடும் என்பது ஒரு காரணம். உறையூற்றிய பால் எல்லா வயிற்றுக்கும் ஒத்துப்போனது என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே கருதுகிறேன்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. தயிரும் மோரும் இவ்வளவு நன்றாக வேலை செய்தால், மரபணுவுக்கு என்ன அவசியம்? 2022 ஆய்வின் மிக முக்கியமான பகுதி இதைத்தான் தொட்டது. பால் நுகர்வு கூடிய இடங்களில் திரிபும் கூடியதா என்று பார்த்தார்கள். அப்படி ஓர் இசைவு கிடைக்கவில்லை. இன்றைய பிரிட்டனில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைப் பார்த்தபோது, திரிபு இல்லாதவர்களும் ஏறக்குறைய மற்றவர்கள் அளவுக்கே பால் குடிப்பது தெரிந்தது. அவர்களின் ஆரோக்கியத்திலும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. நல்ல ஊட்டத்தோடு இருப்பவருக்கு லாக்டோஸால் வருவது அசௌகரியம் மட்டுமே. அது யாரையும் கொல்வதில்லை.

பஞ்சத்தில் நிலை வேறு. விளைச்சல் பொய்த்த ஆண்டில் சேமித்த பாலாடைக்கட்டி தீர்ந்துவிடும்; உறைய வைக்கக் காத்திருக்கவும் பொறுமை இருக்காது; கறந்த பாலையே குடிக்க நேரும். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளைக்குப் பேதி வந்தால் அது சாவாக முடியும். மக்கள் நெருங்கி வாழத் தொடங்கிய ஊர்களில், கால்நடைகளோடு ஒட்டியிருந்த வீடுகளில், தொற்றுநோய் வந்தபோதும் இதே கதைதான்: உடம்பிலிருந்து ஏற்கெனவே நீர் போய்க்கொண்டிருக்கையில் லாக்டோஸ் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பஞ்சத்துக்கும் நெருக்கடியான குடியிருப்புக்கும் தொல்லியலில் கிடைக்கும் அடையாளங்களைத் திரிபின் பரவலோடு ஒப்பிட்டபோது, அவை பால் நுகர்வைவிட நன்றாகப் பொருந்தின. எனக்கு இந்த விளக்கம் நம்பத்தகுந்ததாகப் படுகிறது. பால் குடித்தவன் பலசாலியாகி வென்றான் என்ற பழைய கதையைவிட இது துயரமானது. ஆனால் இயற்கைத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதை இது நேர்மையாகக் காட்டுகிறது. தேர்வு என்று நாம் எளிதாகச் சொல்லும் சொல்லின் பின்னே, பெரும்பாலும் இறந்துபோன குழந்தைகள் இருக்கிறார்கள்.

மாட்டிலும் இதன் சுவடு பதிந்திருக்கிறது. வடக்கு ஐரோப்பாவில் பழங்கால உழவர்கள் வாழ்ந்த பகுதியும், மாடுகளின் பால்புரத மரபணுக்கள் மிகுந்த பன்மை கொண்டிருக்கும் பகுதியும், மனிதரிடம் லாக்டேஸ் திரிபு மிகுந்திருக்கும் பகுதியும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று 2003-இல் ஓர் ஆய்வு காட்டியது. மனிதர் மாட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது மாடும் மனிதரை மாற்றிக்கொண்டிருந்தது.

மங்கோலியாவும் நாமும்

மரபணு வராமலே போன இடமும் உண்டு. மங்கோலியப் புல்வெளியில் சுமார் 5,000 ஆண்டுகளாகப் பால் பயன்பாட்டில் இருக்கிறது. பழங்கால மனிதர்களின் பற்காரையில் ஒட்டியிருந்த பால்புரதங்கள் அதைக் காட்டுகின்றன. பசு, மாட்டினத்தைச் சேர்ந்த யாக், ஆடு, குதிரை, ஒட்டகம் என்று கறக்கக்கூடிய எல்லாவற்றையும் கறக்கிறார்கள். அவர்கள் உணவில் பாலுக்குப் பெரிய இடம் உண்டு. ஆனால் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லாக்டேஸ் திரிபு இல்லை. குதிரைப்பாலைத் தோல்பையில் ஊற்றிப் புளிக்கவைத்துக் குடிக்கும் ஐராக், உலர்த்திய தயிர்க்கட்டி போன்றவை அவர்களுக்குப் பழக்கம். குடல் நுண்ணுயிர்களும் உதவியிருக்கக்கூடும் என்று கிறிஸ்டினா வாரினர் போன்றோர் ஆராய்ந்துவருகிறார்கள். பழக்கம் மரபணுவுக்குப் பாதை திறக்கவும் செய்கிறது, சில இடங்களில் அதைத் தேவையற்றதாக்கவும் செய்கிறது. இரண்டில் எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் சூத்திரம் எதுவும் கிடையாது.

இந்தியாவின் கதை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. திமில் உள்ள நம் மாடு ஐரோப்பிய மாட்டிலிருந்து தனியாக, சிந்து சமவெளியை ஒட்டிய பகுதியில் பழக்கப்படுத்தப்பட்டது. குஜராத்தில் கோட்டடா பட்லி என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 2500 அளவிலான பானை ஓடுகளில் பால் கொழுப்பு இருப்பதாக 2020-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மாடு வேறு என்பதால் நம் திரிபும் வேறாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் 2012-இல் இந்தியாவின் பல்வேறு சமூகங்களைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சோதித்தபோது கிடைத்தது ஐரோப்பாவில் உள்ள அதே 13,910-ஆம் எழுத்துத் திரிபுதான். சுற்றியுள்ள எழுத்துகளும் அவ்வாறே ஒத்திருந்ததால் இரண்டுக்கும் மூலம் ஒன்றே. கி.மு. 2000-க்குப் பிறகு மத்திய ஆசியப் புல்வெளி வம்சாவளியினர் துணைக்கண்டத்துக்குள் வந்தபோது அதுவும் கூடவே வந்திருக்க வேண்டும். வடமேற்கில் மிகுந்தும் தெற்கிலும் கிழக்கிலும் குறைந்தும் அது காணப்படுவது அதனோடு பொருந்துகிறது. ஆக இங்கும் கறவை முந்தியது, திரிபு பிந்தியது. தென்னிந்தியரில் பெரும்பாலோர் அந்தத் திரிபு இல்லாமலேயே, தயிர்சாதத்தோடும் மோரோடும் நெய்யோடும் வாழ்ந்துவந்திருக்கிறார்கள்.

இதற்கு நம் மண்ணிலேயே வியத்தகு விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. நீலகிரியின் உச்சிச் சமவெளியில் வாழும் தோடர்கள் எருமைகளை மட்டுமே நம்பியிருந்த சிறு சமூகம். உழவு இல்லை, வேட்டை இல்லை, இறைச்சி உண்பது வழக்கமில்லை. பாலும் நெய்யும் கொடுத்துப் படகரிடம் தானியமும் கோத்தரிடம் பானையும் இரும்புக் கருவியும் பெற்றார்கள். அவர்களுடைய கோயிலே பால்மனைதான். பூசாரியின் பணி புனித எருமைகளைக் கறப்பதும் தயிர் கடைவதும். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலில் பெரும்பகுதி இந்தப் பால்மனைகளின் படிநிலைகளையும் சடங்குகளையும் விவரிப்பதிலேயே கழிகிறது. அண்மைக்கால மரபணு ஆய்வுகள், தென்னிந்தியாவில் அரிதாக இருக்கும் அந்த லாக்டேஸ் திரிபு தோடரிடம் வடக்கு ஐரோப்பியரோடு ஒப்பிடத்தக்க அளவில் இருப்பதைக் காட்டியிருக்கின்றன. கலப்பினால் மட்டும் இவ்வளவு உயர்ந்திருக்க முடியாது. இயற்கைத் தேர்வு அங்கே தீவிரமாக வேலை செய்திருக்கிறது. ஒரு மக்கள் எதைத் தெய்வமாக வணங்கி, எதைச் சுற்றி வாழ்வை அமைத்துக்கொண்டார்களோ, அது அவர்கள் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது. நம் அருகிலேயே இப்படி ஒரு சான்று இருப்பதைப் பள்ளிப் பாடநூல்கள் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

காட்டை வெட்டியதன் விலை

பால் கதையை மட்டும் படித்தால், பண்பாடு எப்போதும் உடலுக்கு நன்மையே செய்யும் என்று தோன்றலாம். அரிவாள் செல் சோகை அந்த எண்ணத்தைத் திருத்தும்.

ரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில், ஒரு புரதச் சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்துவிட்டால், ஆக்சிஜன் குறையும்போது சிவப்பணு விறைத்து அரிவாள்போல வளைகிறது. இந்தத் திரிபு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய். வளைந்த அணுக்கள் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துத் தாங்க முடியாத வலியையும் உறுப்புச் சேதத்தையும் உண்டாக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அவர் சுமப்பவர். பெரும்பாலும் நலமாகவே இருப்பார். பிள்ளைகளைக் கொல்லும் இப்படியொரு திரிபு எப்படி அழியாமல் நீடித்தது?

கென்யாவில் வளர்ந்த மருத்துவர் ஆந்தனி ஆலிசன் 1949-இல் அங்கே பல குடிகளின் ரத்தத்தைச் சோதித்தார். கடற்கரையிலும் விக்டோரியா ஏரியை ஒட்டியும் இத்திரிபு மிகுந்திருந்தது. மேட்டு நிலங்களில் மிகக் குறைவு. மலேரியாவின் வரைபடமும் அதுவேதான். சுமப்பவர்களுக்குக் கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்று 1954-இல் அவர் நிறுவினார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி புவனேஸ்வரில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன், தலசீமியா என்ற வேறொரு ரத்தக் குறைபாட்டை வைத்து இதே சிந்தனையை 1949-இலேயே முன்வைத்திருந்தார்.

அந்த மலேரியாவைப் பெருக்கியது யார் என்ற கேள்வியை எழுப்பியவர் மானிடவியலாளர் ஃபிராங்க் லிவிங்ஸ்டன். 1958-இல் வெளியான அவருடைய கட்டுரை மேற்கு ஆப்பிரிக்காவைப் பற்றியது. அடர்ந்த காட்டில் வெயில் தரையைத் தொடாது. மழைநீரை இலைமக்கு உறிஞ்சிவிடும். மலேரியாவைப் பரப்பும் ஆப்பிரிக்க அனோஃபிலிஸ் கொசுவுக்கோ வெயில் படும் தேங்கிய நீர் வேண்டும். இரும்புக் கருவிகளோடு வந்த உழவர்கள் காட்டை வெட்டி வள்ளிவகைக் கிழங்கு பயிரிட்டார்கள். தரை இறுகிக் குட்டைகள் உண்டாயின. கிராமங்களில் மனிதர் நெருங்கி வாழ்ந்ததால் கொசுவுக்கு ரத்தமும் எளிதில் கிடைத்தது. உழவு கொசுவைப் பெருக்கியது, கொசு மலேரியாவைப் பெருக்கியது, மலேரியா அரிவாள் திரிபைப் பெருக்கியது. எவரும் எண்ணிச் செய்யவில்லை. வயிற்றுக்காகக் காட்டைத் திருத்திய மக்களின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக அதற்கு விலை கொடுத்தார்கள். ஒரு பிள்ளையை மலேரியாவிலிருந்து காத்த அதே எழுத்து, இன்னொரு பிள்ளையைச் சோகையால் கொன்றது.

பழக்கம் ஒரு தலைமுறையில் மாறிவிடும். மரபணு அவ்வளவு விரைவாகத் திரும்பாது. மலேரியா ஒழிந்து பல தலைமுறைகள் ஆன அமெரிக்காவில், அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களில் இன்றும் சுமார் 13 பேரில் ஒருவர் அரிவாள் திரிபைச் சுமக்கிறார். பாதுகாப்பின் தேவை போய்விட்டது. ஆபத்து மட்டும் எஞ்சியிருக்கிறது.

மீண்டும் நீலகிரிக்கு வருகிறேன். இந்தியாவில் அரிவாள் திரிபு முதன்முதலாகப் பதிவான இடங்களில் அதுவும் ஒன்று. ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் 1952-இல் அங்கு வாழும் மக்களைச் சோதித்து வெளியிட்டார்கள். சுமார் 18 பாகை செல்சியசுக்குக் கீழே கொடிய வகை மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்ச்சியை முடிக்க முடியாது. அதனால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்துக் குளிர்ந்த சமவெளியில் அதன் ஆட்சி இல்லை. கீழே, சரிவுகளிலும் வயநாட்டை ஒட்டிய பள்ளத்தாக்குகளிலும் அது வாழ்வின் அன்றாட அச்சமாக இருந்தது. இருளர், பணியர், குறும்பர் போன்ற அப்பகுதி மக்களிடையே அரிவாள் திரிபு குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது. மேலே எருமை வளர்த்தவர்களின் குடல் மாறியது. கீழே கொசுவோடு வாழ்ந்தவர்களின் ரத்தம் மாறியது. இரண்டுக்கும் இடையே ஒரு நாள் நடை தூரம்.

பழக்கமும் மரபணுவும் இப்படிப் பின்னிக்கொள்வதை ஆராய்ந்த லூயி கவாலி-ஸ்ஃபோர்சாவும் மார்கஸ் ஃபெல்ட்மனும் 1981-இலும், ராபர்ட் பாய்டும் பீட்டர் ரிச்சர்சனும் 1985-இலும் எழுதிய நூல்கள், மனிதருக்கு இரண்டு பரம்பரைச் சொத்துகள் உண்டு என்ற கருத்துக்குக் கணித வடிவம் கொடுத்தன. ஒன்று பெற்றோரிடமிருந்து வரும் மரபணு. மற்றொன்று பெற்றோர், அண்டை வீட்டார், ஆசான், எதிரி என யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளக்கூடிய பழக்கம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வருகின்றன. பாலும் மலேரியாவும் கடந்த பத்தாயிரம் ஆண்டுகளின் கதை. அதற்கு வெகு முன்பே, தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிந்த நெருப்பின் எச்சம் கிடைக்கிறது. சமைத்த உணவுதான் நம் பல்லையும் குடலையும் சிறிதாக்கி மூளை வளர இடம் கொடுத்தது என்று ரிச்சர்ட் ராங்கம் வாதிடுகிறார். காலக்கணக்கில் இன்னும் விவாதம் உண்டு. ஆனால் சமைக்காத உணவை மட்டுமே உண்டு இன்றைய மனித உடல் நெடுநாள் நன்றாக இருக்க முடியாது என்பது உறுதி. அடுப்பு இல்லாமல் நம் உடலை விளக்க முடியாது.

இந்த அறிவுக்கு இன்று நேரடிப் பயன் உண்டு. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சொல்லும் உறவினரைச் சோம்பேறி என்றோ சாக்குச் சொல்பவர் என்றோ நினைக்காதீர்கள். அவர் மனித இனத்தின் பழைய வழியில் இருக்கிறார். பெரும்பாலோரால் ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அளவு வரை தாங்க முடியும். முடியாதவர்களுக்குத் தயிரும் மோரும் இருக்கின்றன. பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திணிக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

அரிவாள் செல் சோகையில் அலட்சியத்துக்கு இடமில்லை. பழங்குடியினர் வாழும் பகுதிகளில் 0 முதல் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்கும் நோக்கத்தோடு, இந்தியாவின் தேசிய ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1-ஆம் தேதி மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. சுமப்பவர்கள் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு பேற்றிலும் பிள்ளைக்கு நோய் வருவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நீலகிரி, வயநாடு, அட்டப்பாடி போன்ற பகுதிகளில் வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்தவர்கள் திருமணத்துக்கு முன் ஒரு சிறிய ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே பணியாற்றும் ஆசிரியர்களும் செவிலியர்களும் இதை வீடுவீடாக எடுத்துச் சொல்லுங்கள்.